'ஒரு சகோதரருக்காக' என்று எழுதிக் கொடுத்தேன்

2024 ஜூன் 24, திங்கட்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஜெபம், வேதவாசிப்பு, டைரி. ஏழு பத்துக்குக் கொட்டிவாக்கம் வீட்டிலிருந்து காரில் கிளம்பி எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருந்தேன். பதினொன்றரைக்கு மனிதவள அதிகாரி கூப்பிட்டார். எங்கள் பிரிவையே மூடுகிறார்களாம். ஜூலை 31 என் கடைசி நாள். பதினாறு வருட வேலையை ஆறு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. வீட்டுக்கடன், கார் கடன், இரண்டு கிரெடிட் கார்டு. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தவணைக்கே போகும். கையிருப்பு இரண்டு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு வீடு நிற்காது. என் மனைவி கிரேஸிடம் சொல்லவில்லை.

சொல்லாததோடு விடவில்லை. தேங்காய் எதற்கு இரண்டு, ஏ.சி. எதற்குப் பகலில் ஓடுகிறது என்று தினமும் அவள்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் 29ஆம் தேதி தி.நகரில் அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்தபோது வாய் திறக்காமல் கார்டைத் தேய்த்தேன். அன்று ஆண்டவர்மீதும் கோபம். ஒரு மாதம்கூடத் தவறாமல் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுத்தவனுக்கு இதுதானா என்று கேட்டேன்.

வியாழக்கிழமைதோறும் எங்கள் ஜெபக்குழு அடையாறில் கூடும்; கிரேஸும் என்னோடு வருவாள். வேண்டுதலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் தலைவர் வாசிப்பார். நான் அந்தக் குழுவின் பொருளாளர். பெயரை எழுத மனம் வரவில்லை. 'வேலையும் வீடும் இழக்கப்போகும் ஒரு சகோதரருக்காக' என்று எழுதினேன். இரண்டு வாரம் எல்லாரும் அவருக்காக ஜெபித்தார்கள். நானும் சத்தமாக ஆமென் சொன்னேன்.

மூன்றாவது வாரம், ஜூலை 11. சீட்டை வாசித்ததும் ராஜம் அக்கா குறுக்கே பேசினார். பாங்கில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நாக்குக்குப் பயந்தே நான் எதிர் மூலையில் உட்காருவேன்.

"மூணு வாரமா இதே சீட்டு. அந்தத் தம்பி பாங்குக்குப் போனாரா இல்லியா?"

"அது அவர் சொந்த விஷயம்க்கா," என்றேன்.

"வீடு போனாலும் கௌரவம் போகக்கூடாதாக்கும். கார் வெச்சிருக்காரா?"

"இருக்கும்."

"அதை வித்தாரா?"

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "ஜெபிக்க வந்தீங்களா, விசாரணை நடத்த வந்தீங்களா?"

"உங்களுக்கு எதுக்கு பிரதர் இவ்ளோ கோவம் வருது?"

பக்கத்தில் கிரேஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான்தான்," என்றேன்.

கிரேஸ் அழவில்லை. "தேங்காய்க்கு என்னைத் திட்டினீங்களே," என்று மட்டும் சொன்னாள்.

ராஜம் அக்காவும் ஆறுதல் சொல்லவில்லை. "முப்பத்தொண்ணு வரைக்கும் நீங்க சம்பளக்காரர். ஒரு தவணைகூடத் தவறாதப்ப போனா உக்கார வெச்சுப் பேசுவாங்க. தவறினப்புறம் போனா நோட்டீஸ்தான். நாளைக்குப் பத்து மணிக்கு உங்க பாங்க் வாசலுக்கு வாங்க, நானும் வரேன்."

வேலை நிலைக்க வேண்டும் என்றுதான் நான் ஜெபித்தேன். அது நிலைக்கவில்லை. பாங்க் கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்தது. ஆகஸ்டில் காரை விற்றோம். வீட்டுச் செலவு முழுவதும் கிரேஸ் பொறுப்பு. என் கைச்செலவுக்கும் அவளிடம்தான் கேட்க வேண்டும். நவம்பரில் மயிலாப்பூரில் ஒரு சின்ன அலுவலகத்தில், பழைய சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல், ஆண்டவர் வேலை தந்தார். வீடு எங்களிடம் இருக்கிறது. ராஜம் அக்கா பேசும் விதம் இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் இன்னும் இருபது நாள் கழித்து அவர் வாயைத் திறந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். அந்த நாளைக் குறித்த ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் நான் தூங்கப் போவதில்லை.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விஷயம் ஒளிந்திருக்கலாம். ஆண்டவரை நம்பி, முதலில் வீட்டில் சொல்லுங்கள். அவர் அனுப்பும் ஆள் இனிமையாகப் பேசுவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ராஜம் அக்கா வரச் சொன்ன அந்த மறுநாள், ஜூலை 12, வெள்ளிக்கிழமை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பாங்க் திறந்ததும் கிரேஸோடு உள்ளே போனேன். "நீங்களே பேசுங்க" என்று ராஜம் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டார். கடன் பிரிவு மேஜைக்கு முன் உட்கார்ந்து என் பெயரைச் சொன்னேன். இந்த மாதத்தோடு எனக்கு வேலை போகிறது என்றேன். கிரேஸ் எங்கள் வீட்டுக்கடன் கோப்பைத் திறந்து அதிகாரியின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.