ஐஸில் போன ரத்தம்

கலியாணமான நாலு வருஷத்தில் எனக்கு மூன்று முறை கரு கலைந்தது. கணவன், மனைவி இருவரின் குரோமோசோமையும் பார்த்துவிடலாம் என்றார் மதுரை டாக்டரம்மா. தொண்ணூறுகளில் அதற்கு ரத்தம் சென்னைக்குப் போக வேண்டும். ரத்த அணுக்களை அங்கே உயிரோடு வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் நிறுத்தி, சாயமேற்றி, குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்ப்பார்கள்.

என் கணவர் பட்டாளத்தில் இருந்தார். லீவு முடிந்து போகும் வழியில் அவரே கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. இராஜபாளையம் லேபில் இருவருக்கும் ரத்தம் எடுத்து, ஐஸ் மட்டும் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். என் மாமியார் கேட்டால்தானே! அவர் என் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. சொட்டு மருந்தையே ஐஸில் வைக்கிறார்கள், ரத்தம் கெட்டுப்போகாதா என்று சோடாக்கடையில் ஐஸ் வாங்கிக் குழாய்களைச் சுற்றி அடைத்து, மேலே புளியோதரைப் பொட்டலத்தை வைத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலேறிய மகன் புளியோதரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அணுக்கள் செத்துவிட்டன, இரண்டிலுமே ஒன்றும் வளரவில்லை, மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த கதைதான். என் ரத்தத்திலேயே எதுவும் வளராதாம் என்று அத்தை தெருவெல்லாம் சொன்னார். மகன் ரத்தமும் வளரவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டார். மகாராஜபுரத்தில் மகனுக்கு இரண்டாந்தாரமாகப் பெண்ணும் பார்க்கத் தொடங்கினார்.

அடுத்த லீவில் ரத்தம் ஐஸ் இல்லாமல் போனது. முடிவு வந்தபோது கணவர் பட்டாளத்துக்குத் திரும்பியிருந்ததால், டாக்டரம்மா முன்னால் நானும் அத்தையும்தான் உட்கார்ந்திருந்தோம். என்னுடையதில் கோளாறு இல்லை. அவருடையதில் இரண்டு குரோமோசோம்களின் நுனிகள் இடம் மாறி ஒட்டியிருந்தன. அதனால் அவருக்கு ஒன்றுமில்லை. கருவுக்குத்தான் பங்கு கூடியோ குறைந்தோ போய்ச் சேரும், அது தங்காது. சரியான பங்கு சேர்ந்தால் நல்ல பிள்ளையும் பிறக்கலாம் என்றார்.

திரும்பும் பஸ் கல்லுப்பட்டி தாண்டியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இது வெளிய தெரிஞ்சா எம்புட்டு அசிங்கம். ஆம்பளப் பிள்ள, மனசு ஒடிஞ்சிருவான். யார்ட்டயும் சொல்லிராத தாயி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை உருவிக்கொண்டேன்.

"நாலு வருஷமா என் வயித்தத் தெருவுல வச்சுப் பேசுனீயளே அத்தை, அப்ப ஒடிஞ்சது மனசு இல்லையா?"

அத்தை கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, வத்திராயிருப்பு பஸ் பிடித்து மகாராஜபுரம் போனார். பெண் வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். ஏன் என்று அவர்கள் கேட்டதற்கு, மருமகள் சம்மதிக்கவில்லை என்றாராம்.