பட்டியலில் இல்லாத பால்குடம்

மலேசியாவின் சாஆ தோட்டத்தில் வளர்ந்த ரூபினி, உடற்குறை உள்ளவர்களுக்கான உடற்பயிற்சியில் முனைவர் பட்டம் வாங்கி, ஜொகூர் பாருவில் விரிவுரையாளரானாள். "வீல்சேர்ல இருக்கறவங்களுக்கு எக்சர்சைஸா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும்.

ஒருநாள் பக்கத்து ஊரான மாசாயிலிருந்து தவமணி என்ற பெண்மணி அவளிடம் பயிற்சிக்கு வந்தார். மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் இயங்காமல் போனவர். ரூபினி தன் கேள்விப் படிவத்தை நீட்டினாள். நீச்சல், பூப்பந்து, கூடைப்பந்து; எது வேண்டும்?

"எனக்குப் பந்து எதுக்கு டீச்சர்? தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கணும். அது இதுல எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. பட்டியலைத் தயாரித்தவளே ரூபினிதான். தன்மேலேயே எரிச்சல் வந்தது. தாளை ஓரம் வைத்துவிட்டு, ஒரு குடத்தில் தண்ணீர் நிரப்பினாள். சாயாமல் உட்கார முதுகுக்கும், குடத்தைத் தாங்கக் கழுத்துக்கும் கைகளுக்கும் ஐந்து மாதம் பயிற்சி நடந்தது.

தைப்பூசத்தன்று கணவர் சக்கர நாற்காலியைத் தள்ள, தலையில் குடத்தோடு தவமணி கோயிலை அடைந்தார். வாசலில் காத்திருந்த ரூபினியைப் பார்த்ததும் சொன்னார்:

"ஒரு சொட்டு சிந்தல டீச்சர், எழுதிக்குங்க. அடுத்த வருஷம் இவரு தள்ளக்கூடாது. அதுக்கும் ஒரு வழி பாருங்க லா."