மடித்துத் தைக்க முடியாத கிட்டார்

பிள்ளைகளே, எங்கள் வீட்டில் சீருடையை எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்போம். ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டால், வளர வளரப் பிரித்துவிடலாம். அதே நினைப்பில்தான், பாடிக்கொண்டே வாசிக்க ஆசைப்பட்ட என் மகள் கயலுக்குப் புதுச்சேரிக் கடையில் இருந்ததிலேயே பெரிய கிட்டாரை வாங்கினேன். பெரிய உடம்பு, பெரிய சத்தம் என்று எனக்குப் பெருமை.

ஒரே வாரத்தில் அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

“எனக்கு இது வராதுப்பா. வேணாம்.”

“வளர்ற புள்ளம்மா நீ. போகப்போக சரியாயிடும்.”

“தோள் வலிக்குதுப்பா. சட்டைன்னா மடிச்சித் தைக்கலாம். இத எப்படி மடிக்கிறது?”

வாசித்துக் காட்டச் சொன்னேன். கை கம்பிக்கு எட்டுவதற்குள் தோள் காதுவரை ஏறிவிட்டது. பயந்துபோனேன். என்னால் பிள்ளை ஆசையையே விட்டிருப்பாளே!

மறுநாளே கடைக்குப் போய், சின்ன உடம்புள்ள கிட்டாராக மாற்றினோம். மடியில் வைத்ததும் கயலின் தோள் தானாக இறங்கியது. சத்தம் கொஞ்சம் குறைவுதான். ஆனால், அவள் பாடுவது இப்போதுதான் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்போதெல்லாம் செருப்பு வாங்கினாலும் அதைப் போட்டு நடந்து பார்க்கும்படி அவளிடம் சொல்கிறேன். அவளோ கடைக்காரரிடம், “எங்கப்பாகிட்ட மட்டும் பெருச காட்டிடாதீங்கண்ணா” என்கிறாள்.