கால் எட்டாத சீட்

கல்வராயன் மலையில் கிராமச் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் எனக்கு முதுகின் அடியில் வலி ஆரம்பித்தது. வீடு கள்ளக்குறிச்சியில். தினமும் கச்சிராயபாளையம் வழியாகத் தார்ச்சாலை, பிறகு வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை, வெள்ளிமலையைத் தாண்டினால் செம்மண் தடமும் பாறையும் ஓடையும். அந்தத் தடத்தில் ஸ்கூட்டர் தாங்காது என்று கியர் வண்டி வாங்கியிருந்தேன். அதோடு வந்த சீட் ஒல்லியாக, பலகை போலக் கெட்டியாக இருந்தது. மாலையில் வீட்டு வாசலில் இறங்கினால் நிமிரவே கொஞ்ச நேரம் ஆகும்.

சீட் தைக்கிற கடைக்காரர் என்னை வண்டியில் உட்காரவைத்து, இரண்டு காலையும் ஊன்றச் சொல்லிப் பார்த்தார்.

"ரோட்ல ஜாஸ்தி ஓட்றீங்களா, மண்லயாங்க?"

"ரெண்டும்தாங்க. ஆனா வலி ரோட்லதான் வருது."

சாக்பீஸால் மேஜைமேல் ஒரு வடிவம் போட்டார். "பின்னாடி அகலமா வேணும், இடுப்பெலும்பு ரெண்டும் அது மேல உக்காரணும். அது ரோட்டுக்கு. டேங்க் பக்கம் ஒல்லியா வேணும், அப்பதான் எழுந்து நின்னு ஓட்டலாம், சட்டுனு கால ஊணலாம். அது மண்ணுக்கு. மேல சமமா இருக்கட்டும், முன்ன பின்ன நகந்துக்கலாம். ஸ்பாஞ்சு மட்டும் கொஞ்சம் கெட்டியா இருக்கும்."

கெட்டி என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. சுவரில் ஒரு சீட் தொங்கியது. முன்னாலும் பின்னாலும் ஒரே அகலம், ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் குழி. விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. வலியில் பல நாள் சரியாகத் தூங்காதவளுக்கு அந்த மெத்தென்ற பள்ளத்தைப் பார்த்தபின் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"இதுவே போட்டுடுங்க."

"அது ஹைவேல போறவங்களுக்குங்க. குழியில உக்காந்துட்டா நகர முடியாது. உசரமும் ரெண்டு விரக்கடை ஏறும். கால் எட்டுமாங்க?"

"எட்டும்" என்றேன். எட்டாது என்பது எனக்குத் தெரியும்.

முதல் வாரமே வலி போய்விட்டது. ஆனால் வேறு சில தொல்லைகள் வந்தன. வண்டியை நிறுத்தினால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட நின்றபோது வண்டி ஒரு பக்கம் ஆடியது. இறக்கத்தில் பிரேக் போட்டால் ஸ்பாஞ்சு என்னை டேங்கின்மேல் தள்ளும். மறுபடி பின்னால் நகரப் பார்த்தால் குழியின் விளிம்பு தடுக்கும். ஒருநாள் ஓடையில் சாய்ந்து விழுந்தேன். இன்னொரு நாளும் விழுந்தேன். தடுப்பூசிப் பெட்டியைத் துடைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன், வீட்டில் சொல்லவில்லை. நிற்பதற்கு முன்னால் கால் ஊன்ற ஒரு கல் இருக்கிறதா என்று தேடுவதே பழக்கமாகிவிட்டது. கடைக்காரரிடம் திரும்பிப் போக வெட்கம்.

அது ஐப்பசி. நண்பகலிலேயே மஞ்சு இறங்கி மரங்களை மறைத்திருந்தது. வெள்ளிமலைக்கு உள்ளே ஒரு ஊரில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, நெடுநெடுவென்று உயரமானவள், தலைவலி என்றாள். கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். கால் வீங்கியிருந்தது. ரத்த அழுத்தம் பார்த்தேன், எகிறியிருந்தது. நம்பாமல் இன்னொரு முறை பார்த்தேன். ஊரிலிருந்த ஒரே ஜீப் சந்தைக்குப் போயிருந்தது. மேட்டில் ஏறி நின்று ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். தார் முடிகிற இடம்வரைதான் வர முடியும் என்றார்கள்.

"டோலி கட்டித் தூக்கிக்கினு போலாம் நர்சம்மா" என்றான் அவள் புருஷன். "ரெண்டு மணி நேரம் ஆவும்."

"அவ்ளோ நேரம் இல்லப்பா, வலிப்பு வந்துடும். நான் வண்டியில கூட்டிப் போறேன், நீ பின்னாடியே வா."

அவன் வண்டியைப் பார்த்தான். "உங்களுக்கே உசரமா கீதே, நர்சம்மா."

ஒரு பக்கமாக உட்கார்ந்தால் விழுந்துவிடுவாள் என்று இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரவைத்தேன். மஞ்சில் மூன்றடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவள் மூச்சு என் பிடரியில் சூடாகப் பட்டது. நடுவில் ஒருமுறை, "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாள்.

ஓடைக்கு முந்தைய இறக்கத்தில் ஒரு கிளை முறிந்து தடத்தின் குறுக்கே கிடந்தது. பிரேக் போட்டேன். உடம்பு டேங்கில் போய் மோதியது. வலது காலை ஊன்றினேன். கீழே எதுவும் இல்லை. அந்தப் பக்கம் பள்ளம். வண்டி சாய ஆரம்பித்தது.

சாய்ந்தது பாதியில் நின்றது. பின்னாலிருந்தவள் தன் நீண்ட வலது காலைப் பள்ளத்தின் விளிம்பில் ஊன்றியிருந்தாள்.

"எறங்கு நர்சம்மா" என்றாள் நிதானமாக. "நான் புடிச்சிக்கினு கீறேன்."

இடது பக்கம் குதித்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு அவளை இறக்கினேன். அவள் கால் எடுத்ததும் பாரம் தாங்காமல் கை விட்டேன். புதரை முறித்துக்கொண்டு வண்டி உருண்டது. சத்தம் ஓய நேரமானது. அப்போதுதான் அவள் கெண்டைக்காலைப் பார்த்தேன். அத்தனை நேரமும் அது கொதிக்கிற சைலன்ஸரோடு ஒட்டியிருந்திருக்கிறது. தோல் அதிலேயே போயிருந்தது. அவள் ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

ஓடி வந்து சேர்ந்த புருஷன் ஆம்புலன்ஸ் வரை அவளை இரு கையிலும் ஏந்திச் சுமந்தான். ஆம்புலன்ஸில் ஒருமுறை வலிப்பு வந்தது. கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். எடை குறைவு. இருவரும் பிழைத்தார்கள்.

கயிறு கட்டி வண்டியை மேலே இழுத்தார்கள். ஹேண்டில் வளைந்திருந்தது, விளக்கு நொறுங்கியிருந்தது, சீட்டில் கீறல்கூட இல்லை. கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலயேங்க?"

"நீங்க அன்னிக்கு சொன்ன மாதிரியே போட்டுடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது முன்னால் ஒல்லி, பின்னால் அகலம், மேலே சமம். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிகின்றன. வலி கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நடந்துவிட்டு ஏறுகிறேன்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம், உள்ளங்கை அளவுள்ள அந்தத் தழும்பின்மேல் அவள் சேலையை இழுத்துவிட்டுக்கொள்வாள். என்னைக் குறை சொன்னதே இல்லை. நானும் சீட்டைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

போன மாதம் மறுபடி நாள் தள்ளியிருக்கிறது என்றாள். ரத்த அழுத்தம் இப்போதே கொஞ்சம் கூடுதல். நான் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னாள்:

"இந்தத் தடவ ஏழாம் மாசமே கீழ எங்கக்கா வூட்டுக்குப் போயிடறேன் நர்சம்மா. நடந்தே போயிடறேன்."

"சரிம்மா" என்றேன். நாளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஏழாம் மாதம் மஞ்சு இறங்கும் ஐப்பசியில்தான் வருகிறது.