காதுக்குத் தாளித்தது

கடுகு வெடிக்கிறது. எந்த வீட்டிலோ. ஜன்னலைச் சாத்தினாலும் பலகை இடுக்கில் புகுந்து வருகிறது. முதலில் ஒன்று, ஒரு மூச்சு விட்டு இன்னொன்று, அப்புறம் கூட்டமாக, பெருமழைக்கு முன் தகரக் கூரையில் விழும் துளிகள் மாதிரி. பின்னாலேயே கறிவேப்பிலையின் பச்சை வாசனை. எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. இன்னும் இந்தச் சத்தத்துக்குக் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன், யாரோ கூப்பிட்டதுபோல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாக்காவில், காஜா பெராங் பக்கம் என்னைத் தெரிந்தவர்கள் எப்படியும் சொல்வார்கள். புருஷன் செத்த ஐந்தாம் நாள், இழவு வீட்டில், எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிக் கடுகு தாளித்தவள் நான். பதினாறு கழியும்வரை எங்கள் வீடுகளில் தாளிக்கக் கூடாது. சோறு வடிக்கலாம், பருப்பு அவிக்கலாம். எண்ணெய் காயக் கூடாது. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருடைய அக்கா ஓடிவந்து சட்டியைப் பிடுங்கிக் கொல்லையில் வீசினார். எண்ணெய் அவர் கையிலும் தெறித்தது.

"பைத்தியமாடி புடிச்சிருக்கு ஒனக்கு? எந்தம்பி சாம்பலு கூட இன்னும் ஆறல. அதுக்குள்ள நாக்குக்கு ருசி கேக்குதா?"

ஏன் செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் புருஷன் பஸ் கண்டக்டர். தெங்கேராவில் கிளம்பி, டவுனைச் சுற்றி, பத்து பெரெண்டாம் என்கிற ஊருக்குப் போகிற பஸ். வாசலில் நின்றால் அவர் குரல் முதலில் வரும், பஸ் பிறகு வரும். மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, சீனக் கிழவிகளுக்காக அரைகுறை ஹொக்கியனில் ஒருமுறை ஊர்ப்பெயர்களைக் கூவுவார். வீட்டிலும் அதே குரல்தான். தண்ணீர் கேட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கன்னத்தில் எப்போதும் ஒரு வெற்றிலை உருண்டை, அதற்குள் புகையிலை. நாக்கின் அடியில் ஒரு புண் வந்தது. சூடு என்றார். நல்லெண்ணெய் கொப்பளித்தார். மூன்று மாதம் கழித்து அந்தப் புண் தாடை எலும்பைத் தொட்டிருந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. பஸ்ஸின் முகப்பில் சின்னக் கொடி கட்டியிருந்தார்கள். ஊரே மெர்டேக்கா என்று தொண்டை கிழியக் கத்திய மாதத்தில் அவரால் மட்டும் கத்த முடியவில்லை.

வடக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கத்தி வைத்தால் ஒருவேளை பிழைக்கலாம் என்றார்கள். அந்த ஒருவேளையைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். ஆனால் அவர் உடம்பு பாதியாகியிருந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், கண்ணாடி போட்ட மலையாளத்துக்காரர், தராசின் மேல் அவரை ஏற்றி நிறுத்தி முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் ஆறு பவுண்டு ஏறணும். இந்த ஒடம்பு மயக்க மருந்தே தாங்காது. அனுப்பினா அங்கேருந்து திருப்பி அனுப்பிடுவாங்க. என்ன திங்கிறாரு?"

"கஞ்சித் தண்ணிங்க."

"கஞ்சியில என்னம்மா இருக்கு? பயறு குடு, மொச்சை குடு. நல்லா மசிச்சுக் குடு."

அப்படித்தான் மொச்சை வீட்டுக்குள் வந்தது. வந்தது என்பது சரியில்லை, முன்பும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மொச்சையைக் கடைந்து, தோசைக்குத் தொட்டுக்கொள்ள வைப்பேன். தோசையைவிட அதைத்தான் அதிகம் தின்பார். இப்போது தோசை இல்லை, ரொட்டி இல்லை, தொட்டு எடுக்க எதுவுமே இல்லை. தொட்டுக்கொள்ளும் பண்டமே சோறாகிவிட்டது.

மாலையில் ஒரு கை மொச்சை ஊறப்போடுவேன். ஒரு கைதான். இந்த ஊர்ப் புழுக்கத்தில் காலையில் கடைந்தது மாலையில் நுரைத்துவிடும்; அவரும் ஒரு வேளைக்கு நாலு கரண்டிக்கு மேல் விழுங்க மாட்டார். காலையில் தோல் தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு பிதுக்கு. உள்ளிருந்து பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும், தோல் விரலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு தோல்கூட உள்ளே போகக் கூடாது. ஒரு துணுக்கு புண்ணில் ஒட்டினால் அன்று முழுக்க அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அதனால் ஒவ்வொன்றாக. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பிதுக்குவார், டிக்கெட் கிழித்த அதே விரல்களால், என்னைவிட வேகமாக.

குழைய வேகவைத்து, ரெண்டு பல் பூண்டு போட்டு, மத்தால் கடைந்து, பழைய வேட்டித் துணியில் வைத்துப் பிழிந்தெடுப்பேன். கெட்டித் தேங்காய்ப்பால் கொஞ்சம். பெருங்காயம் கொஞ்சம். உப்பு எரியும் என்று கால் உப்பு. புளி இல்லை, மிளகாய் இல்லை. தாளிப்பும் இல்லை, கடுகு போய்ப் புண்ணில் உட்கார்ந்தால் யார் எடுப்பது?

அதோடு இன்னொன்றும் செய்தேன். எனக்காக வைக்கும் குழம்புக்கும் தாளிப்பதை நிறுத்தினேன். தின்ன முடியாதவர் மூக்கில் வாசனையை ஏற்றி எதற்கு வதைக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன்.

முதல் வாரம் ஒழுங்காகத் தின்றார். முள் ஒரு பவுண்டு ஏறியது. இரண்டாவது வாரம் கிண்ணத்தைத் தள்ளினார். மறுநாளும் தள்ளினார். வலியா என்றேன், தலையாட்டவில்லை. உப்புப் பத்தவில்லையா என்றேன், கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது நாள் தராசில் ஏறினபோது அந்த ஒரு பவுண்டு போயிருந்தது, கூடவே இன்னொன்றும். இடுப்பு மடிப்பில் டிக்கெட் குத்தும் இரும்புக் குறட்டைச் செருகி வந்திருந்தார். டிரெஸ்ஸர் அதை உருவி மேஜையில் வைத்தார்.

"இதையும் சேத்து ஆபரேஷன் பண்ணச் சொல்லவா?"

அவர் சிரிக்க முயன்றார். எச்சில் வழிந்தது. வெளியே வந்ததும் நான் மரத்தடியில் நின்று அழுதேன், அவர் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து வீடு ஒரு செட்டி அம்மாவுடையது. மலாக்கா செட்டிகள், நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. ரெண்டு சமையலறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அன்று மத்தியானம் அந்த அம்மா சுவரைத் தட்டினார்.

"ஹாரி இனி பூன் தாக் தூமிஸ்?"

இன்றைக்கும் தாளிக்கவில்லையா என்று கேட்கிறார். பல நாளாகச் சத்தமே இல்லையே, வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று மலாயில் இழுத்தார். நான் ஒன்றுமில்லை என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். எங்கள் சமையலறை வாசலில் என் புருஷன் நின்றிருந்தார். அந்தக் கண்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பஸ்ஸில் காசு கொடுக்காமல் ஏய்த்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

அவர் பேச்சு அப்போது குழறல்தான், எனக்கு மட்டும் புரியும். நேராக்கி எழுதுகிறேன்.

"எண்ணெச் சட்டிய எங்கடி ஒளிச்ச?"

"ஒளிக்கலங்க. மேல பலகையில இருக்கு."

"அடுத்த வூட்டுக்காரிக்கே தெரிஞ்சு போச்சு. சாவு வூடுன்னு."

"ஐயோ, என்ன பேச்சு இது? ஒங்களுக்கு வாசன அடிக்கக் கூடாதேன்னுதான்…"

"எனக்கு வாயிதான் போச்சு. காது இருக்குல்ல? மொத நாள்லேருந்து கேக்கறேன். அடுப்பு எரியுது, தண்ணி கொதிக்குது, மத்து சுத்துது. தாளிக்கிற சத்தம் மட்டும் இல்ல. செத்தவன் வூட்டுல உக்காந்து, செத்தவனே சாப்பிடுற மாதிரி இருக்கு. எப்பிடிடி எறங்கும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஆறு வருஷம் குடும்பம் நடத்தினவள், இந்த வழக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அம்மா செத்தபோது பதினாறு நாள் பச்சைக் குழம்பு தின்றவள். ஒருவன் உயிரோடு கூடத்தில் படுத்திருக்க, அவன் வீட்டை நான் என் கையாலேயே இழவு வீடாக்கி வைத்திருந்தேன்.

பலகையிலிருந்து சட்டியை எடுத்தேன். தூசி படிந்திருந்தது, கழுவக்கூட இல்லை, முந்தானையால் துடைத்தேன். நல்லெண்ணெய் விட்டேன். காய்ந்ததும் கடுகு, ரெண்டு வரமிளகாய், செட்டி அம்மா வீட்டு மரத்துக் கறிவேப்பிலை. வெடித்தது. அவர் வாசற்காலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கடுகொன்று சட்டியிலிருந்து தாவித் தரையில் விழுந்தது.

"ஒருத்தன் எறங்கிட்டான்," என்றார். அப்புறம் இன்னொன்று. "பிடிச்சி நில்லுங்க, பிடிச்சி நில்லுங்க. பஸ்ஸு நிக்கல."

சுவருக்கு அந்தப் பக்கம் செட்டி அம்மா தும்மினார்.

சூடான அந்தத் தாளிப்பைத் துணியில் வடிகட்டி, கடுகையும் மிளகாயையும் எடுத்துப் போட்டுவிட்டு, ஆறிய எண்ணெயை மட்டும் மொச்சையில் விட்டுக் குழைத்தேன். ஆறு கரண்டி தின்றார்.

அதிலிருந்து தினமும் ரெண்டு வேளை அவர் காதுக்குத் தாளித்தேன். கூடத்திலிருந்து அவர் ஸ்டாப் சொல்வார். முதல் கடுகுக்குத் தெங்கேரா, கூட்டமாய் வெடிக்கும்போது பாசார், கறிவேப்பிலை படபடக்கும்போது புக்கிட் பாரு, என்னவோ எங்கள் பஸ் அங்கே போகிற மாதிரி. குழறலில் அது எதுவும் ஊர்ப்பெயராக இருக்காது. எனக்குத் தெரியும். புண்ணின் நாற்றம் வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டிருந்தது. தாளித்த அரைமணி நேரம் மட்டும் அது வெளியே போய் நிற்கும். அதற்காகவும்தான் கேட்டாரோ என்று பிற்பாடு நினைத்திருக்கிறேன். கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

முள் ஏறியது. மொச்சையா, எண்ணெயா, இரண்டையும் விழுங்க வைத்த சத்தமா, தெரியாது. ஐந்தாவது வாரம் டிரெஸ்ஸர் அவருடைய மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, முள்ளையும் பார்த்துவிட்டு, "சரி, எழுதி அனுப்பறேன்" என்றார். அன்று வரும் வழியெல்லாம் ஜெயித்ததுபோலவும் இருந்தது, மாட்டிக்கொண்டதுபோலவும் இருந்தது. அந்த ஆறு பவுண்டு ஏறாமலே இருந்திருந்தால் இன்னும் ரெண்டு மாதம் என் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருப்பாரோ என்ற கணக்கை நான் இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிறேன். விடை வருவதில்லை.

கத்தி வைத்த மூன்றாம் நாள் போய்விட்டார். ரத்தம் நிற்கவில்லை என்றார்கள். தந்தி வந்தது, அப்புறம் பெட்டி வந்தது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். மீதி இருப்பது அவர் கிளம்பிப் போன காலை.

ஆஸ்பத்திரி வேன் சாலை முனையில் வந்து நின்றது. பெண்களை ஏற்ற மாட்டோம், ஆண்கள் வார்டில் தங்கவும் விடமாட்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அக்காவின் புருஷன் துணைக்குப் போகிறார். அக்கா விடியற்காலையிலேயே பத்து பெரெண்டாமிலிருந்து வந்து, திருநீறு பூசிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். செட்டி அம்மா தன் வாசலில் தலைமுண்டு போட்டு நின்றிருந்தார். நான் கடைசியாகக் கடைந்த மொச்சையைச் சின்னத் தூக்கில் போட்டுத் துணி கட்டிக் கொடுத்தேன். அக்கா பறித்துக்கொண்டார்.

"ஆபரேஷனுக்குப் போறவனுக்கு இது எதுக்கும்மா? அங்க அவங்களே குடுப்பாங்க."

"வழியில பசிக்குங்க அக்கா."

அவர் அக்காவின் கையிலிருந்து தூக்கை வாங்கினார். மூடியைத் திறந்து மோந்தார். கண்டக்டர் காக்கிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார், அது உடம்பில் தொங்கியது. வேனின் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, வழக்கம்போல வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் என்னைத் தலையசைத்துக் கூப்பிட்டார். கிட்டே போய்க் காதை அவர் வாயருகே வைத்தேன். மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு முனகலாகத்தான் கேட்டிருக்கும்.

"நாளைக்கும் தாளி."

"நீங்க இல்லாம யாருக்குங்க?"

"வூட்டுக்குடி. என்னா ஆனாலும் நிறுத்திறாத."