போகிறவர்களுக்கான போனஸ்

பச்சையம்மாளுக்கு அந்த லாட்ஜில் பதினோரு வருஷம். கோயிலுக்கு நாலு தெரு தள்ளி, முப்பத்திரண்டு அறைகள். அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் சூப்பர்வைசர். பௌர்ணமி கிரிவலம் என்றால் ஒருவர் அறையைக் காலி செய்து படியிறங்குவதற்குள் அடுத்தவர் பெட்டியோடு ஏறுவார். அந்த இடைவெளியில் விரிப்பை மாற்றி, குளியலறையைக் கழுவிவிட்டு வெளியே வருகிற வேகம் அவளைத் தவிர யாருக்கும் வராது. அந்த வேகத்தை யார் மதித்தார்கள்?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பெண்கள் வேலையை விட்டு நின்றுவிடுவதும், கார்த்திகை தீபத்துக்கு ஆளில்லாமல் லாட்ஜ் திண்டாடுவதும் வருஷா வருஷம் நடக்கிற கூத்து. ஆசிரமம் பக்கம் கஃபேக்களில் சம்பளம் ஜாஸ்தி, யார்தான் போகமாட்டார்கள்? இந்த வருஷம் முதலாளி அப்பாசாமி ஒரு யோசனை செய்தார். தீபம் முடிகிறவரை வேலையில் இருப்பதாக ஒப்புக்கொள்பவர்களுக்குத் தனியாக, முன்கூட்டியே பதினைந்தாயிரம் ரூபாய்.

“எல்லாருக்கும் குடுத்தா கட்டுப்படியாவாது. யார் யாரு போயிடுவாங்கன்னு உனக்குத்தான் தெரியும். பேரு எழுதிக் குடு பச்சையம்மா,” என்றார்.

அவள் யோசித்து யோசித்து ஆறு பேரை எழுதினாள். மூன்று மாதத்தில் முப்பது தடவை “நான் நின்னுக்கறேங்கா” என்று மிரட்டிய வினோதினியும் அதில் உண்டு. தன் பெயரை எழுதவில்லை. செங்கம் ரோட்டில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் வேணு இரண்டு முறை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்தான். ஆனால் அவள் போவதாக இல்லையே, பொய்யா எழுதுவது? தனக்கு முதலாளி தனியாகச் செய்வார் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு அசடு!

ஆறு பேருக்கும் கவர் வந்தது. வினோதினி மறுநாளே புதுப் போனோடு வந்து நின்றாள். பச்சையம்மாள் ஒரு வாரம் பொறுத்தாள். ஐப்பசிப் பௌர்ணமியன்று காலை, வாயை விட்டுக் கேட்டேவிட்டாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்களா?”

அப்பாசாமி சிரித்தார். “அது போறவங்களப் புடிச்சி வைக்கறதுக்கும்மா. நீ எங்க போவப் போற? நீ நம்ம வீட்டு ஆளாச்சே.”

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காய்ச்சலோடு வந்ததும், மகள் நிச்சயதார்த்தத்தன்றுகூட மதியமே ஓடிவந்ததும் இந்த ஒரு பேச்சுக்குத்தானா?

“அப்ப நானும் போறேங்க.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சட்டென்று மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். “இதுக்கு ஏன் கோவம்? இந்தா, வச்சிக்கோ.”

பதினோரு வருஷம் இருந்தவளுக்கு எழாத கை, போகிறேன் என்றதும் எப்படி நீள்கிறது! அவள் கவரைத் தொடவில்லை. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

கிரிவலக் கூட்டத்துக்காகத் தெருவை அடைத்திருந்தார்கள்; ஆட்டோ இல்லை. அடி அண்ணாமலையில் இருக்கும் வீட்டுக்கு வெயிலில் நடந்தே போனாள். பாதி வழியில் போன் அடித்தது. அப்பாசாமிதான்.

“ரூம் எடுத்தவங்கல்லாம் கீழ நின்னு கத்தறாங்க. இருபதாயிரம் தரேன், திரும்பி வா.”

அவள் போனைக் காதில் வைத்தபடியே நடந்தாள்.

“இருபத்தஞ்சு. மாசம் ரெண்டாயிரம் ஏத்தியும் தரேன். இன்னும் இன்னா வேணும் உனக்கு?”

ஒவ்வொரு தொகைக்கும் அவளுக்கு ஆத்திரம்தான் கூடியது. கூட்டம் இடித்துக்கொண்டு போக, பாதையோரம் ஒதுங்கி நின்று கேட்டாள்.

“இந்தக் காசெல்லாம் இத்தினி வருசமா எங்கங்க இருந்துச்சி?”

போனை வைத்துவிட்டு, வேணுவின் நம்பரைத் தேடினாள்.