ஒரு பெஞ்சு நீளம்

பட்டறைகளுக்கு மாற்று இடம் ஒதுக்கும் கூட்டத்துக்கு நானும் லேத் செல்வம் அண்ணனும் வந்திருந்தோம். காதர் பாய் வரவில்லை. "மூணு பேருக்கும் ஒரே இடம்னா கூப்பிடு மாப்ள, வாரேன். ஆளுக்கொரு மூலைன்னா நீங்களே போயி கைதட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

அதிகாரி பட்டியலை வாசித்தார். பட்டறை போட எனக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம், அண்ணனுக்குத் திருமங்கலம், பாய்க்குப் பரவை. மானியமும் உண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் சட்டையில் லேத் எண்ணெய் வாசனை. சாலையை அகலமாக்க இடித்துத் தள்ளிய எங்கள் பழைய பட்டறை வரிசையே அந்த வாசனையில் வந்துவிட்டது.

அங்கே உடைந்த சாமானை ஒளித்து வைக்கக் கூடாது. டீ நேரத்தில் வெளிப் பெஞ்சில் வைத்துவிட வேண்டும். வைத்தவனுக்கு அன்று டீ இலவசம், ஏச்சும் இலவசம். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். டிப்ளமோ மிதப்பில், பறிப்பு முடிந்து நிற்கும் பருத்திச் செடித் தண்டை, பருத்திமாரை, வேரோடு பிடுங்கும் கருவி ஒன்றைத் தாளில் அழகாக வரைந்து, செய்தும்விட்டேன். கூலிக்கு மார் பிடுங்கிக் கை கிழிந்த அம்மாவுக்காகத்தான். பருத்திக் காட்டில் இழுத்துப் பார்த்தால் மாரைக் கவ்வாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பெஞ்சில் வைத்தேன்.

கரும்புச் சாறு மெஷின் செய்கிற பாய் எடுத்துப் பார்த்தார். "படம் எம்புட்டு அழகு! பல்லுதான் இல்ல, பச்சப்புள்ள மாதிரி." அவருடைய உருளையில் கரும்பைக் கவ்வுகிற சாய்வுப் பல்லை என் கருவியின் தாடையில் வெட்டச் சொன்னார். அண்ணன் டீயை வைத்துவிட்டு எழுந்துபோய் வெட்டினார். மறுநாள் மார் வேரோடு வந்தது. கரும்புக்காரர் தெரிந்து வைத்திருந்தது பருத்திக்கு வந்து சேர ஒரு பெஞ்சு நீளம்தான் தேவைப்பட்டது.

"கையிலதான் போன் இருக்கே தம்பி, தூரம் என்ன செய்யும்?" என்றார் அதிகாரி.

எழுந்துவிட்டேன். "பாத்தாச்சு சார். இடிச்ச நாள்ல இருந்து ஆளுக்கொரு பக்கம்தான் கெடக்கோம். மோட்டார் வச்ச கருவி ஒண்ணு செய்யுறேன், உள்ள எங்கயோ கடகடங்குது. வீடியோவுல பாய்க்குக் காட்டுனா, போன் என் பேச்சை மட்டும்தான் அனுப்புது. மெஷின் சத்தத்தை இரைச்சல்னு முழுங்கிருது. எங்களுக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தான் சார்."

நான்கு மாதமாக அந்தக் கருவி ஓடவில்லை என்பதையும் சொன்னேன்.

"பிரிஞ்சு போகலைன்னா மானியம் கிடையாது."

"மானியம் வேண்டாம்னு எழுதித் தர்றோம், பேப்பர் குடுங்க" என்றார் அண்ணன். மறுநாள் பாயும் வந்து கையெழுத்துப் போட்டார்.

இப்போது மூடிக் கிடந்த கோழிப்பண்ணை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். பழைய வரிசையில் பதினோரு பட்டறைகள். மீதி எட்டுப் பேர் எந்த ஊரில் எதை உடைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கிறார்களோ தெரியாது. நாங்கள் மூவர் சேர்ந்திருக்க, வேண்டாமென்று எழுதிக் கொடுத்த மானியம் நாலு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.